ராணி திரும்பி வந்தால் குட்டி கிடையாது

என் ஆசை அண்ணாவுக்கு, செசிலி அண்ணியின் வீட்டுக்காரருக்கு, பிலோமியின் அப்பாவுக்கு,

லூர்து எழுதுகிறேன். நீ அங்கே சௌக்கியமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன. இங்கே எனக்குத்தான் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து போய்ப் படலைத் திறந்து ரோட்டுப் பக்கம் பார்க்கிறேன், திரும்பி வந்து உட்காருகிறேன். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படிக்க வைத்ததற்கு உருப்படியாக ஒரு கடிதமாவது எழுதேன் என்று கிண்டல் பண்ணுவாயே. இன்றைக்கு எழுதுகிறேன். உருப்படியாக வருமா என்று தெரியாது.

விஷயம் இதுதான். உன் மோப்ப நாய் ராணி மத்திகிரியில் என் வீட்டுக்காரர் கட்டிவைத்த கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். நேற்றே ஓடிவிட்டாளாம், இன்று காலையில் பால் லாரிக்காரர் வந்து சேதி சொன்னார். அங்கிருந்து நம் ஊர் வரைக்கும் பெங்களூர் ரோட்டில் லாரிக்குப் பின்னால் லாரி. அந்தக் கழுதை மூக்கைத் தரையில் வைத்துவிட்டால் எதிரில் வருவது லாரியா மலையா என்று பார்க்காது. உனக்குத் தெரியாததா?

அவள் ரோட்டில் அடிபட்டுக் கிடந்தால் என் நெஞ்சு வெடித்துவிடும். பத்திரமாக வந்து சேர்ந்தாலோ, இன்று பொழுது சாய மந்தைக்காரர் பீரப்பா கொண்டுவருகிற, ஆட்டுக்குக் காவல் கிடக்கிற பட்டிநாய்க் குட்டி நமக்குக் கிடையாது. குட்டி கிடைக்காவிட்டால் அண்ணி ஆடுகளை விற்றுவிட்டு, உன் வீட்டைப் பூட்டிவிட்டு, பிலோமியைக் கூட்டிக்கொண்டு கோலார் தங்கவயலுக்குத் தன் தம்பி வீட்டோடு போய்விடுவாள். சுரங்கத்தில் வேலை பார்க்கிற அந்தத் தம்பி வந்து கூப்பிட்டுவிட்டும் போய்விட்டான். சொல், நான் என்னவென்று வேண்டிக்கொள்ள? காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற அந்தோணியார் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். கண்டுபிடித்துக் கொடு என்றும் சொல்ல முடியவில்லை, கொடுக்காதே என்றும் சொல்ல வாய் வரவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

நீ போன பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். காமாலையில் நீ படுத்து, எங்களை யோசிக்கக்கூட விடாமல் கண்ணை மூடிவிட்டாய். காரியத்துக்கு வந்த நான் இங்கேயே தங்கிவிட்டேன். அண்ணி ஒருத்தி எப்படி மந்தையைப் பார்ப்பாள், நான் இல்லாமல் ஆகுமா என்று எல்லாரிடமும் சொன்னேன். மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் பாவம், கையால் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, வாடகை வீட்டில் தனியாகக் கிடக்கிறார்.

உன் துப்பாக்கிச் சத்தமும் உன் இருமலும் கரட்டுப் பக்கம் கேட்கவில்லை என்றதும் ஓநாய்க்கு எப்படித்தான் தெரிந்ததோ. மழைக்கு முன்னாலேயே இரண்டு ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிவிட்டது. அண்ணிக்கு உறக்கம் போயிற்று. அப்போதுதான் பீரப்பா ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்து கொடுத்தார். எல்லையில் மைசூர்ப் பக்கமும் நம் பக்கமுமாக ஆட்டுக்கிடை போட்டுச் சுற்றுகிற அதே பீரப்பாதான். நீ முயல் கொடுத்தால் அவர் தயிர் கொடுப்பாரே, அந்தப் பழக்கத்தில் உன் காரியத்துக்கும் வந்து நின்றார்.

அவர்கள் பட்டிநாய் வளர்க்கிற விதம் உனக்குத் தெரியும், எனக்குத்தான் புதிது. கண் திறக்காத குட்டியை ஆட்டு வாசனை ஏறின கம்பளித் துண்டில் சுற்றி, குட்டி போட்ட ஆட்டின் மடியில் விட்டுவிடுவார்களாம். அது ஆட்டுப்பால் குடித்து, ஆட்டோடு ஆடாகப் படுத்து எழுந்து, தன்னை ஆடு என்றே நினைத்து வளருமாம். வீட்டுக்குள் நுழைய விடக் கூடாது. யாரும் தடவிக்கொடுக்கக் கூடாது. "பேரு மட்டும் வைக்காதீங்க தாயி. பேரு வச்சா ஆயித்து, அது மனெ நாயி" என்றார். வீட்டு நாயாகிவிடும் என்று அர்த்தம்.

சரி சரி என்று தலையை ஆட்டினோம். இரண்டு நாள் அடைமழை. பட்டியில் அது நடுங்கிக்கொண்டு நின்றது. நான் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? அடுப்படிக்குத் தூக்கி வந்து, சாக்கில் துவட்டி, களியில் குழம்பு ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். பிலோமி அதன் காதைப் பிடித்துக்கொண்டு, "ராணிக்கு ராஜா" என்று பேரும் வைத்துவிட்டாள். அண்ணி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குழந்தை வைத்த பேர், விடுங்கள் அண்ணி என்றேன். நாய்க்குப் பேர் வைத்ததற்கு இந்தப் பாடு. இந்தப் பொங்கலுக்கு நம் மாநிலத்துக்கே புதுப் பேர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா, தமிழ்நாடு என்று. மதராஸ் ராஜ்யம் என்றே சொல்லிவிட்டுப் போன உனக்குச் சேதி சொல்ல வேண்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

ராஜா வளர்ந்தான். பட்டியில் கிடப்பான், பிலோமி கூப்பிட்டால் வீட்டுக்கு ஓடி வருவான். அதுகூடப் பரவாயில்லை. ராணியைப் பார்த்துக் கற்றுக்கொண்டானே, அதுதான் கெடுத்தது. கார்த்திகையில் ஒரு மத்தியானம் கரட்டடியில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ராணிக்கு எங்கோ முயல் வாசனை. அந்த நீளக் காது தரையில் புரள, ஊரே திரும்பிப் பார்க்கிற குரலை எடுத்துக்கொண்டு ஓடினாள். ராஜா ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னாலேயே ஓடினான். நானும் வாயைப் பிளந்துகொண்டு அவர்கள் ஓடின திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தப் பக்கம் ஓநாய் வந்து, மந்தைக்கு முன்னால் போகிற செவலை ஆட்டைக் கொண்டுபோய்விட்டது. கழுத்தில் மணி கட்டின ஆடு, நீ பேர் சொல்லிக் கூப்பிடுவாயே அதுதான். வயிற்றில் குட்டி.

ராணியைத் திட்டினாயா என்று கேட்பாய். திட்டவில்லை. செவலை நின்ற இடத்துக்குக் கூட்டிப்போய்த் தரையைக் காட்டினேன். எடுத்தாள் பார், ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. கரட்டைச் சுற்றி, ஓடையைத் தாண்டி, உண்ணிப் புதருக்குள் நுழைந்து, ஒரு பாறை இடுக்கில் போய் நின்றாள். அங்கே மணி கிடந்தது, வாரோடு. அதை எடுத்துக்கொண்டு ஏதோ ஜெயித்தவள் மாதிரி வீட்டுக்கு வந்தேன். உன் நாய் சாமான்யப்பட்டதில்லை என்று அண்ணிக்குக் காட்ட வேண்டாமா?

அண்ணி முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். மணியை வாங்கி ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள்.

"மணி வந்துடுச்சு. ஆடு எங்க, லூர்து?"

"எங்க கொண்டுபோச்சுன்னு ராணிதான் கண்டுபிடிச்சா அண்ணி" என்றேன்.

"கண்டுபிடிச்சு? போனதை மோந்து மோந்து கண்டுபிடிக்க நமக்கு ஒரு நாய் என்னாத்துக்கு? இருக்கிறது போகாம பாத்துக்க ஒண்ணு வேணும். அவ்ளோதான் நான் கேக்கறன். இன்னும் ஒரு ஆடு போச்சுன்னா நான் தம்பி வீட்டுக்குப் போயிடுவன், சொல்லிட்டன்."

அவள் ஆட்டை மட்டும் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதே உறைத்தது. உறைத்ததால்தான் கோபம் வந்தது. வீம்புக்கு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை, பிலோமிதான் தட்டை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏன் கோபம் என்று உன்னிடம் சொல்வதற்கென்ன. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் ராணி உன் வழியில் கிளம்புவாள். ஏரிக்கரை, புளியமரம், பிறகு கரட்டு மேலே நீ உட்கார்ந்து பீடி பிடிக்கிற பாறை. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நானும் அவளோடு போவேன். பாறையை ஒரு சுற்றுச் சுற்றி மோந்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். பிறகு இறங்கி வருவோம். ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்த பாறையில் உன் வாசனை எங்கிருந்து இருக்கும்? அவள் மூக்குக்கு அது தெரியாமலா இருக்கும்? ஏன் தினமும் போனாள்?

பீரப்பா மார்கழியில் வந்து ராஜாவைப் பார்த்தார். அவன் வாலை ஆட்டிக்கொண்டு அவர் காலிலேயே வந்து விழுந்தான். அவருக்கு முகம் செத்துவிட்டது.

"என்னைப் பாத்து ஓடி வந்து கடிக்கணும் தாயி இது. நக்குது பாருங்க. இதை நான் என் மந்தைக்கே கூட்டிப் போறன், இன்னும் முழுசா கெட்டுப் போகலே."

"வேற ஒண்ணு குடுங்க. இந்த வாட்டி யாரும் தொட மாட்டோம்" என்று அண்ணி கெஞ்சினாள்.

"குடுக்கறன். வேட்டை நாயி இருக்கிற வாசல்ல குடுக்க மாட்டன். அது கத்திக்கிட்டு ஓடினா இதுவும் ஓடும். ஒரு பட்டிக்கு ரெண்டு புத்தி ஆகாது. எந்த நாயின்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

ராஜாவைக் கயிறு கட்டிக் கூட்டிப்போனபோது பிலோமி அழுத அழுகை உனக்குக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. நான் ராணி கட்சி. திருவிழாக் கூட்டத்தில் பிலோமி தொலைந்தபோது கண்டுபிடித்தது யார், புதருக்குள் குட்டி போட்டுவிட்டுக் கிடந்த ஆட்டைக் காட்டினது யார் என்று வாய் ஓயாமல் வாதாடினேன். அண்ணி செவலையின் மணியை அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். நான் பேசி முடித்ததும் அதை ஒரு பார்வை பார்ப்பாள். அவளிடம் யார் ஜெயிக்க முடியும்?

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வந்தார். ராணியை மத்திகிரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி அண்ணிதான் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

"மச்சான் நாயை நான் வச்சுக்கறன், அதுக்கென்னா. மச்சான் தங்கச்சியை எப்ப அனுப்பி வைப்பீங்க, அதைச் சொல்லுங்க" என்றார் அண்ணியிடம்.

அண்ணி சிரித்துவிட்டாள். நீ போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ராணியைப் பால் லாரியில் ஏற்றிக் கட்டினார்கள். குரைக்கவில்லை, ஊளையிடவில்லை, லாரி திரும்புகிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு போனாள். உன்னை இரண்டாந்தரம் அனுப்பி வைத்த மாதிரி இருந்தது அண்ணா. அதற்கப்புறம் நான் கரட்டுப் பக்கம் போகவில்லை. தனியாகப் போய் என்ன செய்வது என்று தெரியவில்லை.

இரு, படல் அசைகிற சத்தம். வந்து எழுதுகிறேன்.

அண்ணா, வந்துவிட்டாள். உயிரோடு வந்துவிட்டாள். கழுத்தில் அறுந்த கயிறு தொங்குகிறது, காதெல்லாம் ஒட்டுமுள், முன்னங்கால் வெடித்து ரத்தம். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளத்தான் உடம்பு துடித்தது, அண்ணி பக்கத்தில் நிற்கிறாளே என்று கால் எழவில்லை.

அவள் செய்ததைக் கேள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. படலண்டை மூக்கைத் தரையில் வைத்தாள், வீடு வரைக்கும் வந்தாள். திரும்பிப் படலுக்கே போனாள். மறுபடி வீட்டுக்கு வந்தாள். மறுபடி படலுக்கு. நொண்டிக்கொண்டே போவதும் வருவதுமாக இருக்கிறாள். இதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா, உன்னைத்தான் முற்றத்தில் தேடுகிறதா என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அது யாரை மோந்துக்கிட்டு நடக்குதுன்னு தெரியலையா உனக்கு?" என்றாள் அண்ணி. "காலையில இருந்து படலுக்கும் வீட்டுக்கும் நடையா நடந்தது யாரு? உன் காலடிதான் லூர்து. ஒண்ணு விடாம எண்ணிக்கிட்டு வருது."

உண்மைதான். ஒரு நடையைக்கூட அவள் விடவில்லை. கடைசி நடையும் முடிந்து என் பாதத்துக்கு வந்தாள், ஒரு தடவை மோந்தாள், பொத்தென்று என் கால் மேலேயே விழுந்தாள். உன் கட்டில் உள்ளே, கதவுக்கு நேரே கிடக்கிறது. அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. அப்படியென்றால் கரட்டுக்கு அவள் யாருக்காகப் போனாள்? நான் வருகிறேன் என்றுதான் போனாளோ? உன்னைத் தேடி அவள் போகிறாள் என்று நானும், நான் போகிறேன் என்று அவளும் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் இத்தனை மாதம் நடந்திருக்கிறோம்.

உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். உன் காரியத்தன்றுகூட அப்படி அழவில்லை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து ராணியின் காதிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்துக்கொண்டே சொன்னாள்: "இதை வேற யார்கிட்ட விட்டாலும் ஓடி வந்துடும். நீ எங்க இருக்கியோ அங்கதான் இருக்கும்."

போ என்று அவள் வாயால் சொல்ல மாட்டாள், எனக்குத் தெரியும். நான்தான் கேட்டேன். "நான் போயிட்டா மந்தையை எப்படி அண்ணி பாப்பீங்க?"

"குட்டி ஒழுங்கா வளந்தா பாத்துக்குவன். நீ இருந்தா அதுக்கும் களி பிசைஞ்சு ஊட்டுவே" என்றாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பீரப்பா வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. படலுக்கு வெளியே நின்றுவிட்டார், கம்பளிக்குள் குட்டி. ராணியைப் பார்த்தார்.

"நாயி இங்கேதான் இருக்குதா தாயி?"

"இருக்கு. இன்னைக்குப் போயிடும். என்கூட வருது. நான் என் வீட்டுக்குப் போறன்."

"நீங்க லாரி ஏறுங்க. அப்புறம் நான் பட்டிக்குள்ளே விடறன்" என்று சொல்லிவிட்டு ஏரி மதகண்டை போய் உட்கார்ந்திருக்கிறார். கம்பளியை என் பக்கம் திறந்துகூடக் காட்டவில்லை. கை பரபரத்தது, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கறுப்பா வெள்ளையா என்றுகூடத் தெரியாது எனக்கு.

பால் லாரி திரும்புகிற நேரமாகிறது. அண்ணி உள்ளே என் சேலைகளை மூட்டை கட்டுகிறாள். நடுவில் கேழ்வரகு மாவு, புளி, உன் அவரைப் பந்தலில் பறித்த காய் என்று என்னென்னவோ திணிக்கிறாள். பிலோமி ராணியின் காலுக்கு மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டே கேட்கிறாள்: "அத்தை, நீ இனிமே வந்தா அந்த நாய் உன்னைக் கடிக்குமா?"

"கடிக்க வரணும்டி. வந்தாத்தான் நல்ல நாய்" என்றேன். நான் பிறந்து வளர்ந்த வாசலில் என்னை அடையாளம் தெரியாத ஒரு நாய். அப்படி ஒன்று வேண்டும் என்றுதானே இப்போது வேண்டிக்கொள்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு எழுந்திருக்கிறேன். இனிமேல் அந்தப் பாறைக்கு ராணியையும் கூட்டிப்போக மாட்டேன், நானும் போக மாட்டேன். சித்திரையில் உன் வருஷப் பூசைக்கு அவரோடு வருவேன். அவளை மத்திகிரியில் விட்டுவிட்டுத்தான் வருவேன். படலுக்கு வெளியே நிற்பேன். நாய் குரைக்கும். அண்ணி வந்து நம்ம ஆள்தான் என்று அதற்குச் சொல்லுகிற வரைக்கும் ஒரு அடி உள்ளே எடுத்து வைக்க மாட்டேன். அது குரைக்கிற சத்தம் கேட்டால், உன் வீடு பூட்டவில்லை, அண்ணியும் பிலோமியும் உள்ளே இருக்கிறார்கள் என்று நீயும் தெரிந்துகொள்.

லாரி ஆரன் அடிக்கிறது.

உன் வாசலுக்கு இனி விருந்தாளியாக வரப்போகிற,
உன் ஒரே தங்கை,
லூர்து